இருபத்தேழாம் இலக்க வீட்டின் பத்துப் பேர்

கண்டல்நாடு தன்னைத் தனிநாடு என்று அறிவித்துப் பதினாலு வருடமாகியிருந்தது; அதற்கென்று ஒரு கொடி இருந்தது, நீதிமன்றம் இருந்தது, கொக்குப் படம் போட்ட தபால்தலை இருந்தது, பழைய நாட்டின் மணிக்கூட்டுக்கு அரைமணி முந்திய நேரம்கூட இருந்தது; ஆனால் அந்தத் தபால்தலை ஒட்டிய கடிதத்தை உலகத்தின் எந்தத் தபாற்கந்தோரும் கையில் வாங்கவில்லை, எந்த நாடும் அதை நாடென்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. உப்பங்கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்த மண்ணின் தலைநகரான கண்டலூரில், சோனகத் தெரு இருபத்தேழாம் இலக்க வீட்டில், சனத்தொகைக் கந்தோரில் எழுதுநராக வேலை பார்த்த தவநிதி, சைக்கிள் கடை வைத்திருந்த தன் கணவன் பரஞ்சோதியோடு குடியிருந்தாள். வீட்டில் இருந்தது இரண்டு பேர். உலையில் வெந்தது பன்னிரண்டு பேருக்கான சோறு.

சோனகத் தெருவில், தமிழ் பேசும் முஸ்லிம்களான சோனகர் யாரும் இருக்கவில்லை. நாடு பிறந்த வருடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று தெருவுக்குள்ளும் அதன் ஒழுங்கைகளுக்குள்ளும் வந்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் எல்லாரும் வெளிக்கிட வேண்டும், ஆளுக்கு ஒரு பை கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனது. ஏன் என்று கேட்டவர்களுக்கு நாட்டின் பாதுகாப்பு என்று பதில் வந்தது. அடுப்பில் உலை கொதித்தது கொதித்தபடி இருக்க, வீடுகளைப் பூட்டி, சந்தியில் போட்டிருந்த மேசையில் திறப்புகளை வைத்துவிட்டு, அவர்கள் உப்பளத்து வீதி வழியாகக் காவலரணைத் தாண்டி, அப்பால் உவர்மணலில் போட்ட முகாமுக்குப் போனார்கள். மூன்று கிழமை கழித்து, பழைய நாட்டின் இராணுவம் பிடித்துக்கொண்ட ஊர்களிலிருந்து ஓடிவந்த சனத்துக்கு அந்தத் திறப்புகளை அரசாங்கம் பகிர்ந்து கொடுத்தது. முள்ளிக்கல் என்ற ஊரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த தவநிதிக்கும் பரஞ்சோதிக்கும் கிடைத்தது இருபத்தேழு.

முதல் நாள் அவள் அளவுச் சுண்டால் ஒரு சுண்டு அரிசிதான் போட்டாள். மூடியைத் திறந்தபோது பானை விளிம்பு வரை சோறு நின்றது. இரண்டு பேரும் சாப்பிட்டு, மிச்சத்தைத் தட்டுத் தட்டாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்பது தட்டு வந்தது. அரைச் சுண்டு போட்டாலும் ஒன்பது, கைப்பிடி போட்டாலும் ஒன்பது. அவள் பயந்து பரஞ்சோதியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"சோறுதானே, பாம்பில்லையே," என்றான் பரஞ்சோதி. பிறகு குரலைத் தணித்து, "பக்கத்து வீட்டிலயும் இப்பிடித்தானாம். அன்னப்பாக்கியத்தின்ர பானையில பதினொண்டாம்," என்றான்.

தெரு முழுக்க அப்படித்தான் இருந்தது. இருநூற்றுத் தொண்ணூறு வீடுகளில், எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேருக்கான சோறு, இருப்பவர்களின் சோற்றுக்கு மேலே வெந்தது. காரணத்தை யாரும் நெடுநாள் ஆராயவில்லை. அது பொருளாதாரத் தடைக் காலம், ஒரு சவர்க்காரக் கட்டிக்கு வரிசையில் நின்ற காலம், வெந்த சோற்றிடம் நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்க யாருக்கும் வயிறு இடம் கொடுக்கவில்லை. மிஞ்சியதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்கள், காவலரணில் நின்ற பெடியளுக்கும் கொடுத்தார்கள். அந்தப் பதினாலு வருடத்தில் கண்டலூரில் பசியால் ஒருவரும் சாகவில்லை. அரசாங்கம் அதைத் தன் விவசாயத் திட்டத்தின் வெற்றி என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்லிக்கொண்டது.

ஆனால் அந்தச் சோறு ஒரே அளவில் நிற்கவில்லை என்பதைப் பெண்கள்தான் முதலில் கண்டார்கள். ஒரு வீட்டில் திடீரென்று ஒரு பிடி சோறு கூடும். அடுத்த வருடம் அது ஒன்றரைப் பிடியாகும். நாலைந்து வருடத்தில் அரைத் தட்டாகும். "அவையளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு," என்று சொல்லி அந்த வீட்டுக்காரி சர்க்கரை கரைத்து ஒழுங்கை முழுக்கக் கொடுப்பாள். ஒரே நாளில் முழுத்தட்டு கூடினால் மருமகன் வந்துவிட்டான் என்று அர்த்தம். அப்படியான நாட்களில், "ஆள் நல்லாச் சாப்பிடுறவர் போல," என்று பகிடி விடுவார்கள். முழுத்தட்டு ஒன்று குறைந்தால் மட்டும் ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த வீட்டில் அன்று துக்கம் காத்து மரக்கறிதான். முகம் தெரியாதவர்களின் பிறப்புக்கும் சாவுக்கும் அந்தத் தெரு இப்படித்தான் பழகிப்போயிற்று. தாங்கள் அவர்களின் கட்டிலில் படுக்கிறோம் என்பதைப் பேசாமலே இதைச் செய்ய முடிந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இருபத்தேழில் இரண்டு முறை முழுத்தட்டு குறைந்திருந்தது. முதலாவது மூன்றாம் வருட மார்கழியில், மழை விடாமல் பெய்த கிழமையில். இரண்டாவது ஒன்பதாம் வருட வைகாசியில். இடையில் ஒரு மருமகன் வந்திருந்தான். பின்னால் இரண்டு பிள்ளைகள். ஒன்பது எட்டாகி, மறுபடி ஒன்பதாகி, எட்டாகி, இப்போது பத்தில் நின்றது. பிள்ளையில்லாத தவநிதிக்கு அந்த இரண்டு சிறிய பங்கும் வளர்வதைப் பார்ப்பதில் சொல்லிக்கொள்ளாத ஒரு சந்தோஷம் இருந்தது.

அந்த வருடம்தான் வெளிநாட்டுச் சபை ஒன்றிடமிருந்து கடிதம் வந்தது. ஒரு லட்சம் சனத்துக்குக் குறைந்த எந்த மண்ணோடும் பேசுவது தங்கள் விதியில் இல்லை, கண்டல்நாட்டில் எத்தனை பேர், எந்தெந்த இனத்தவர் என்ற விபரத்தைத் தந்தால் மூன்று பிரதிநிதிகளை அனுப்புகிறோம் என்று அதில் எழுதியிருந்தது. நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். தமிழர் தொண்ணூற்றேழாயிரத்துப் பன்னிரண்டு. பறங்கியர் இருநூற்றுப் பதினாலு. சிங்களவர் நூற்று எண்பத்து மூன்று. சோனகர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. எல்லாம் சேர்த்து தொண்ணூற்றேழாயிரத்து நானூற்று ஒன்பது.

சனத்தொகைக் கந்தோரின் பணிப்பாளர் குலவீரசிங்கம் அந்தத் தாளை மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரல்ல, நாடு ஒப்புக்கொள்ளப்படுவதைப் பார்க்காமல் சாகக் கூடாது என்று நினைத்திருந்த மனிதர். நாலாம் நாள் தவநிதியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எங்கட கைநூலில குடும்பம் எண்டதுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கு?"

"ஒரே உலையில சமைச்சுச் சாப்பிடுறவை, சேர்."

"அப்ப சோனகத் தெருவில ஒரு உலையில எத்தனை பேருக்கு வேகுது?"

அவளுக்கு விளங்கிவிட்டது. "சேர், அவையள் இங்க இல்லையே."

"சோறு இருக்கல்லோ? கைநூல் ஆளைக் கேக்கேல்ல, உலையைத்தான் கேக்குது. தட்டுகளை எண்ணிக்கொண்டு வாங்கோ." கொஞ்சம் நிறுத்தி, யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "எல்லாரையும் தமிழர் எண்டு எழுதுங்கோ. அனுப்பின ஆக்களை இருக்கினம் எண்டு எழுத ஏலாது. பெயருக்கு என்ன பஞ்சம், பொருத்தமாப் போடுங்கோ."

தவநிதி எழுதினாள். மற்றைய எழுதுநர்களும் எழுதினார்கள். இருநூற்றுத் தொண்ணூறு வீடுகளில் இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுத் தட்டுகளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுத் தமிழ்ப் பெயர்கள். தன் வீட்டுத் தாளில் பத்துப் பேருக்கும் முள்ளிக்கல்லில் செத்துப்போன தன் சொந்தக்காரரின் பெயர்களைப் போட்டாள். எழுதும்போது கை கூசியது, ஆனால் நிற்கவில்லை. மொத்தம் ஒரு லட்சத்து ஏழு. குலவீரசிங்கம் எழுந்து நின்று அந்த எண்ணைப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் தவநிதி பானையைத் திறந்தாள். உள்ளே இரண்டு பேருக்கான சோறு இருந்தது.

அன்னப்பாக்கியத்தின் அழுகுரல்தான் முதலில் கேட்டது. பிறகு எதிர்வீடு, பிறகு ஒழுங்கைகள். பெண்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள். அன்னப்பாக்கியம் ஐந்து பிள்ளைகளின் தாய், எதற்கும் கலங்காதவள்; அவள் தலையில் அடித்துக்கொண்டு, "ஒரே நாளில எல்லாரும் செத்துப் போச்சினமோ? முகாமில குண்டு கிண்டு போட்டிட்டாங்களோ? நேற்றும் அந்தச் சின்னன்ர ஒரு பிடி இருந்ததே," என்று கதறினாள். அந்தக் கணத்தில் அவள் நினைத்தது தன் பிள்ளைகளின் பசியையா, அந்த ஒரு பிடிக்காரப் பிள்ளையையா என்று அவளாலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. யாரோ வெள்ளைத் துணி கட்டினார்கள். தெரு முழுக்கச் சாவீடானது.

தவநிதி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். பிறகு திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"ஒருத்தரும் சாகேல்ல," என்றாள். "நாங்கள்தான் அவையளை வேற ஆக்களாக்கிப் போட்டம். நான்தான் எழுதினன். தமிழர் எண்டு எழுதினன்."

தெருச் சனம் பானைகளை நிலத்தில் வைத்தது. பதினாலு வருடத்துக்கு முன் அந்தத் திறப்புகளைக் கைநீட்டி வாங்கியவர்கள் அவர்கள். சோனகரை அனுப்பியது சரிதான் என்று வாதாடியவர்களும் அதில் இருந்தார்கள். அப்படி வாதாடிய லொறிக்காரர் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார்: "உள்ளதை உள்ளபடி எழுதாமல் என்ன விளையாட்டு இது? சோனகரைச் சோனகர் எண்டு எழுதுங்கோவன்!"

அன்று பின்னேரம் இருநூறு பெண்கள் வெறும் பானைகளோடு சனத்தொகைக் கந்தோரின் முன்னால் நின்றார்கள். அந்த நாட்டில் யாரும் அரசாங்கத்திடம் எதையும் கேட்டு நின்றதில்லை. என்ன செய்வதென்று காவலர்களுக்கும் தெரியவில்லை, அந்தப் பானைகளின் சோற்றைத்தான் அவர்களும் சாப்பிட்டு வளர்ந்திருந்தார்கள். குலவீரசிங்கம் இறங்கி வந்தார். எழுத மறுத்தால் பானைகள் நிரம்பாது, லட்சமும் இல்லை, எழுதினால் விரட்டிய சனத்தைத் தன் கையாலேயே குடிமக்களாக்கியதாகும். "பெயர்கள் தெரியாதே," என்றார், அதுதான் ஒரே தடை என்பதைப்போல.

"தெரியாட்டி தெரியாது எண்டு எழுதுவம், சேர்," என்றாள் தவநிதி. "பிழையான பெயர்தான் எழுதக்கூடாது."

பழைய தாள்களைக் கிழித்துப் புதிதாக எழுதினார்கள். பெயர்: தெரியாது. இனம்: சோனகர். மூன்றாம் நாள் பானைகள் நிரம்பின. இருபத்தேழில் பத்துத் தட்டும் வந்தன. அந்த இரண்டு சிறிய பங்குகளையும் தவநிதி தனித்தனியாக எடுத்து வைத்துக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு அச்சாகி, புத்தகமாகி, வெளிநாட்டுச் சபைக்குப் போயிற்று. மூன்று பிரதிநிதிகள் வந்தார்கள். விருந்தினர் விடுதியில் இளநீர் குடித்துவிட்டு அவர்கள் கேட்ட முதல் கேள்வி, இந்த இரண்டாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுச் சோனகரைப் பார்க்கலாமா என்பது. வெளியூர் போயிருக்கிறார்கள் என்றார் குலவீரசிங்கம். எல்லாருமா என்று கேட்டார்கள். நாங்கள் காத்திருக்கிறோம் என்றும் சொன்னார்கள். வேறு வழியில்லாமல், காவலரணுக்கு அப்பால் உவர்மணல் முகாமுக்கு ஆள் அனுப்பி, நாற்பது பேருக்கு ஒருநாள் அனுமதி கொடுத்து, ஒரு பஸ்ஸும் பிடித்தது கண்டல்நாட்டு அரசாங்கம்.

பஸ் வரும் என்று அறிந்த நாளிலிருந்து பரஞ்சோதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "எங்கட வீட்டுக்காரரும் வந்தா? வீட்டைக் கேட்டா?" என்றான்.

"கேட்டா என்ன, அவையின்ர வீடுதானே."

"நாங்கள் எங்க போறது?"

தவநிதி உலையில் அரிசியைப் போட்டாள்.

வந்தாள் ஒருத்தி. ஐம்பது வயது மதிக்கலாம். வெள்ளைச் சேலையால் தலையை மூடியிருந்தாள். படலையடியில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பதுபோலப் பார்த்தாள். சொந்த வீட்டுக்குள் வர அவள் தன்னிடம் அனுமதி கேட்பதைத் தாங்காமல், தவநிதி போய்ப் படலையை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"வாங்கோ," என்றாள். "சாப்பிடுங்கோ முதல்ல."

அவள் பெயர் மர்ழியா. வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. குசினிக்குப் போய்ப் பலகையில் இருந்துகொண்டாள். தவநிதி சோறும் பருப்பும் மீன்சொதியும் போட்டாள். மர்ழியா ஒரு வாய் எடுத்துவிட்டு நிறுத்தினாள்.

"முகாமில எங்களுக்குச் சோறு காணாது," என்றாள். "ஆனா இந்தப் பதினாலு வருசமும் மத்தியானத்தில ஒரு நேரம் வயிறு தானா நிரம்பும். ஏனெண்டு தெரியாது. எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

தவநிதி பானையைப் பற்றிச் சொன்னாள். முதல் நாளிலிருந்து ஒன்றும் விடாமல் சொன்னாள். மர்ழியா ஆச்சரியப்படவில்லை, வீட்டு விஷயம் கேட்பவளைப்போலத் தலையாட்டிக் கேட்டாள்.

"மூண்டாம் வருசம் மார்கழியில ஒரு தட்டுக் குறைஞ்சது."

"உம்மா," என்றாள் மர்ழியா. "மழையில கூடாரம் விழுந்து காய்ச்சல் வந்தது."

"ஒன்பதாம் வருசம் வைகாசியில."

"பிள்ளைகள்ட வாப்பா."

"பிறகு இரண்டு சின்னப் பங்கு. இப்ப ஒண்டு அரைத் தட்டுக்கு வந்திட்டுது."

மர்ழியா முதல் தடவையாகச் சிரித்தாள். "மூத்தவள்ட பிள்ளைகள். பெரியவன் தின்னிப் பண்டாரம்."

"இப்ப பத்துப் பேர்," என்றாள் தவநிதி.

"ஒன்பது."

"இல்ல, பத்து. நான் ஒவ்வொரு நாளும் எண்ணுறனான்."

மர்ழியா கறி படாத இடதுகையை நீட்டி விரல் மடித்தாள். தான் ஒன்று. தங்கை இரண்டு. மகள்மார் மூன்று பேர், ஐந்து. இளையவன் ஆறு. மருமகன் ஏழு. பேரப்பிள்ளைகள் இரண்டும், ஒன்பது. "ஒன்பதுதான், தங்கச்சி."

"போகேக்கை எத்தினை பேர்?"

"ஒன்பது. உம்மா, அவர், நான், தங்கச்சி, மூண்டு பொம்பிளைப் பிள்ளை, இளையவன்..." அவள் குரல் நின்றது. "ஜவ்ஸி."

மூத்த மகன். பதினெட்டு வயது. உப்பளத்துக் காவலரணில் அவர்கள் ஏறிப்போன லொறியை மறித்து, விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று இறக்கிக்கொண்டு போனார்கள். வீட்டார் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். காவலரணிலிருந்து தப்பிவந்த ஒருவர், அவனைச் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னார். ஐந்தாம் வருடம், செத்தவர்களுக்கு ஓதும் கத்தத்தை ஓதி, ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அவன் செத்துவிட்டான் என்றே ஏற்றுக்கொண்டார்கள்.

"அவன்ட தட்டு எப்ப குறைஞ்சது?" என்று கேட்டாள் மர்ழியா. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

தவநிதி அகப்பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "அது குறையேல்ல, அக்கா. ரெண்டு தட்டுத்தான் குறைஞ்சது. ரெண்டே ரெண்டு."

மர்ழியா கையைக் கழுவினாள். எழும்பினாள். அழவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நேரே சந்திக்கு நடந்தாள். தவநிதி பின்னால் ஓடினாள். பஸ் புறப்பட நின்றது, பிரதிநிதிகள் மூவரும் குலவீரசிங்கமும் பக்கத்தில் நின்றார்கள். மர்ழியா பஸ்ஸின் முன்னால் வீதியில் காலை மடக்கி இருந்துகொண்டாள்.

"எனக்கு ஒரு மகன் இங்க இருக்கான். அவனைத் தராம நான் ஏறமாட்டன்."

மொழிபெயர்ப்பாளன் அதைச் சொல்வதா விடுவதா என்று குலவீரசிங்கத்தைப் பார்த்தான். அவர், "அம்மா, அது சமையல் கணக்கு, அதை வைச்சு..." என்று தொடங்கினார்.

"அந்தக் கணக்கிலதான் எங்கட லட்சம் நிக்குது, சேர்," என்றாள் தவநிதி. வேலை போய்விடும், அதற்கு மேலும் போகலாம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அச்சடித்த புத்தகத்தைப் பற்றி எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "இருபத்தேழாம் இலக்கம், சோனகர் பத்துப் பேர் எண்டு நாங்கள் எழுதிக் குடுத்திருக்கிறம். அது பொய்யெண்டா அந்தப் பத்தையும் வெட்டுங்கோ. தொண்ணூற்றொன்பதாயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றேழுதான் மிஞ்சும். உண்மையெண்டா அந்தப் பத்தாவது ஆள் எங்க?"

பிறகு அவளும் மர்ழியாவுக்குப் பக்கத்தில் வீதியில் இருந்தாள். அன்னப்பாக்கியம் வந்து இருந்தாள். லொறிக்காரர் தன் லொறியைக் கொண்டுவந்து பஸ்ஸுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, பழுதாகிவிட்டது என்றார். மொழிபெயர்ப்பாளன் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தான்.

நாலாம் நாள் காலையில் ஒரு ஜீப் வந்தது. நாட்டின் பெயரில் நடந்த உப்பளங்களில் ஏதோ ஒன்றிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். எதிலிருந்து என்று சொல்லவில்லை. இறங்கியவனுக்கு முப்பத்திரண்டு வயது, தலைமயிர் பாதி நரைத்திருந்தது, உப்பு அரித்த உள்ளங்கால்கள் நிலத்தில் முழுதாகப் பதியவில்லை. மர்ழியா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, காதுக்குப் பின்னால் எதையோ தேடி, கண்டுபிடித்து, அதன் பிறகுதான் அழுதாள். குலவீரசிங்கம் சற்றுத் தள்ளி நின்று அதைப் பார்த்தார். நாடு ஒப்புக்கொள்ளப்படுமா என்று அன்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை.

ஜவ்ஸி மூன்று தட்டுச் சாப்பிட்டான். பிறகு கட்டிலில் போடப்பட்டிருந்த விரிப்பைத் தொட்டுப் பார்த்து, "இது இப்ப யார்ட வீடு?" என்று கேட்டான்.

பரஞ்சோதி ஏற்கெனவே இரண்டு பெட்டிகளைக் கட்டி வாசலில் வைத்திருந்தான். "உங்கட வீடு தம்பி," என்றான். "நாங்கள் என்ர சைக்கிள் கடைப் பக்கமா..."

"உங்கட ஊர் எங்க?" என்றாள் மர்ழியா.

"முள்ளிக்கல். இப்ப ஆமிக் காம்ப்."

மர்ழியா பெட்டிகளைப் பார்த்தாள், தவநிதியைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் இருந்தது. அந்த வீட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இனியும் வரும் கோபம்தான் அது. "பெட்டியை உள்ளுக்கு வையுங்க," என்றாள். "பின்னறை உங்களுக்கு. மற்றதைப் பிறகு பேசுவம்."

மறுநாள் மர்ழியாவே அடுப்பு மூட்டினாள். தவநிதி சுண்டை எடுத்துக்கொடுத்துவிட்டு, பழக்கத்தில், "ஒரு பிடி போட்டாக் காணும், அக்கா," என்றாள். ஒரு பிடி போட்டுப் பார்த்தார்கள். ஒரு பிடிதான் வெந்தது. வீட்டுக்காரியே மூட்டிய அந்த உலை அதற்குப் பிறகு எந்த உலையையும் போலத்தான் இருந்தது. தெருவின் மற்றப் பானைகள் தங்கள் வீட்டுக்காரரைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டிருந்தன.

மர்ழியா அந்தச் சோற்றைத் தட்டில் எடுத்து வைத்தாள். பிறகு பெரிய பானையைக் கழுவி ஏற்றி, அன்னப்பாக்கியத்திடம் அரிசி கைமாற்று வாங்கிவரச் செய்து, சுண்டால் அளந்து போடத் தொடங்கினாள். நாலு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது.

"நாங்கள் நாலு பேர்தானே, அக்கா?" என்றாள் தவநிதி.

"பன்னிரண்டு பேர்," என்றாள் மர்ழியா. "மற்ற எட்டுப் பேரையும் கூப்பிடச் சொல்லி ஜவ்ஸி காவலரணுக்குப் போயிருக்கான். வந்து சேரக்குள்ள சோறு ஆறக்கூடாது."